ஏழு ஆண்டு நின்ற காரை ஓட்டியதும், நிறுத்தத் தவித்ததும்

“சாவியைப் போட்டு ஒரு திருப்புத் திருப்பிப் பார், மாப்பிள்ளை. நிறுத்தும்போது நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது” என்றார் மாமா.

கொட்டகையில் கிடக்கும் எந்தக் காரைப் பற்றிக் கேட்டாலும் அதன் சொந்தக்காரர் இதைத்தான் சொல்வார். பொய் சொல்வதில்லை. நிறுத்திய பிறகு அந்தக் கார் சும்மா இருக்கவில்லை என்பதுதான் அவருக்குத் தெரிவதில்லை. ஏழு ஆண்டுகளாக உள்ளே பெட்ரோல் பிசினாகிக்கொண்டிருந்தது, இரும்பு துருவாகிக்கொண்டிருந்தது, ரப்பர் கட்டையாகிக்கொண்டிருந்தது. போதாததற்கு எலி ஒன்று குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது.

நான்கு சிலிண்டர் பெட்ரோல் கார். கார்புரேட்டர், பாயின்ட் வைத்த இக்னிஷன், டைமிங் பெல்ட், முன்னால் டிஸ்க் பிரேக், பின்னால் டிரம். கம்ப்யூட்டர் என்று எதுவும் கிடையாது. எனக்கு அதுவே பெரிய ஆறுதல். சாவியை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனட்டைத் திறந்தேன். அந்தச் சாவியைத் திருப்பி என்ஜினைக் கிளப்ப மூன்று வாரம் ஆனது. அவ்வளவு பொறுமையாக இருந்த நான் எங்கே கோட்டை விட்டேன் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஏர் ஃபில்டர் பெட்டியின் மூடியைக் கழற்றினால் ஃபில்டரைக் காணவில்லை. அதாவது, இருந்தது, மேலே பெட்டி நிறையக் கூடு கட்டியிருந்ததால் தெரியவில்லை. சீட்டுப் பஞ்சு, போனட்டுக்கு அடியில் ஒட்டியிருந்த கம்பளித் துண்டு, நடுவே பொடிப்பொடியாய்க் கிழித்த காகிதம். ஒரு துணுக்கை எடுத்துப் பார்த்தேன். காருடன் வந்த கையேடு அது. டாஷ்போர்டுப் பெட்டிக்குள்ளே போய்ப் பக்கம் பக்கமாக எடுத்து வந்திருக்கிறது. இந்தக் கூட்டோடு செல்ஃப் அடித்திருந்தால் பஞ்சு கார்புரேட்டருக்குள் போயிருக்கலாம். எலிக் கழிவை உலர்ந்தபடியே பெருக்கக்கூடாது. தூசியாகப் பறந்து மூக்கில் ஏறினால் நோய் வரலாம். முகக்கவசமும் கையுறையும் போட்டு, கிருமிநாசினி தெளித்து ஊறவிட்டு, ஈரத்தோடு அள்ளினேன்.

எலி இருந்த இடத்தில் வயர் முழுசாக இருக்காது. பழைய பேட்டரியில் மீட்டர் வைத்தபோது 2.8 வோல்ட் காட்டியது. முழு சார்ஜில் 12.6 இருக்க வேண்டும். இவ்வளவு கீழே இறங்கிப் பல ஆண்டு கிடந்த பேட்டரியின் தகடுகளில் சல்ஃபேட் படிந்து இறுகிவிடும். அதைச் சார்ஜ் ஏற்றப் பார்ப்பது வீண் வேலை. புதியது வாங்கினேன். ஆனால் நேராக மாட்டவில்லை. பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் பாடிக்கும் நடுவே ஒரு 12 வோல்ட், 21 வாட் பிரேக் லைட் பல்பைத் தொடராக இணைத்தேன். எல்லா சுவிட்சும் அணைந்திருக்கும்போது எங்காவது வயர் பாடியில் உரசிக்கொண்டிருந்தால் பல்பு பிரகாசமாக எரியும், வயர் எரியாது. என் பல்பு பளிச்சென்று எரிந்தது. ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, அணையும் இடத்தைப் பிடித்து, அங்கிருந்து வயரைத் தேடிக்கொண்டு போனால் டிக்கி விரிப்புக்கு அடியில் இரண்டு அங்குல நீளத்துக்கு மேலுறையே இல்லாமல் செம்பு மின்னியது. ஒரு மணி நேர வேலை. பல்பு இல்லாமல் மாட்டியிருந்தால் ஃபியூஸ் போயிருக்கும்; ஃபியூஸ் சரியில்லாவிட்டால் புகை வந்து இடத்தைக் காட்டிக்கொடுத்திருக்கும்.

அடுத்தது என்ஜின். நான்கு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றிவிட்டு, என்ஜினின் சுழல்தண்டு முனையிலுள்ள கிராங்க் புல்லியின் நடு போல்ட்டில் சாக்கெட் போட்டுக் கையால் திருப்பிப் பார்த்தேன். அசையவில்லை. அழுத்தினேன். கார்தான் லேசாக ஆடியது.

இந்த இடத்தில் நீளக் குழாயை ஸ்பேனரில் சொருகி எம்பத் தோன்றும். செய்யக்கூடாது. நின்ற என்ஜினில் ஏதாவது ஒரு சிலிண்டரின் வால்வு திறந்த நிலையிலேயே நின்றிருக்கும். அந்த வழியாக ஈரக்காற்று போய்வந்து, பிஸ்டன் ரிங்குகளைச் சிலிண்டர் சுவரோடு துருவால் ஒட்டிவிடும். பலத்தைக் காட்டினால் ரிங் உடையும்; பிறகு என்ஜினை முழுதாகப் பிரிக்க வேண்டியதுதான். பிளக் துளை வழியாக ஒவ்வொரு சிலிண்டரிலும் துரு இளக்கும் எண்ணெயை இரண்டு தேக்கரண்டி அளவு விட்டேன். மறுநாள் எட்டிப் பார்த்தால் மூன்றாவது சிலிண்டரில் அளவு அப்படியே நின்றது. மற்ற மூன்றிலும் கீழே கசிந்து இறங்கியிருந்தது. நோயாளி யார் என்று தெரிந்துவிட்டது. தினமும் மாலை அதில் மட்டும் கொஞ்சம் விட்டு, போல்ட்டை முன்னே ஒரு தள்ளு, பின்னே ஒரு தள்ளு. மாமா நாற்காலி போட்டு உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பார். “இன்றைக்காவது?” என்பார். “இல்லை மாமா” என்பேன்.

ஆறாம் நாள் ‘டிக்’ என்று ஒரு சத்தம், நகம் சொடுக்கியது போல. சாக்கெட் ஒரு விரற்கடை நகர்ந்து நின்றது. எதிர்ப்பக்கம் திருப்பினேன், அங்கேயும் ஒரு விரற்கடை. முன்னும் பின்னுமாக அரை மணி நேரம் ஆட்டி ஆட்டி, ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு மயிரிழை கூடுதலாக வாங்கி, முழுச் சுற்றுக்குக் கொண்டுவந்தபோது கை வியர்வையில் சாக்கெட் வழுக்கியது. டாப்பெட் மூடியைக் கழற்றி, எட்டு வால்வுகளும் ஏறி இறங்குகின்றனவா என்று கண்ணால் பார்த்துக்கொண்டேன். எல்லாம் அசைந்தன.

அப்போதே டைமிங் பெல்ட்டையும், அதாவது வால்வுகள் திறந்து மூடும் நேரத்தைப் பிஸ்டனோடு ஒத்துப்போக வைக்கும் பெல்ட்டையும், மாற்றினேன். பார்வைக்கு அது புதிது போலத்தான் இருந்தது. ஆனால் பெல்ட்டுக்குக் கிலோமீட்டர் கணக்கு மட்டுமல்ல, வயதுக் கணக்கும் உண்டு. ஒரே வளைவில் ஏழு ஆண்டு நின்ற ரப்பர் முதல் நிமிடத்திலேயே பல் உதிரலாம். பல என்ஜின்களில் பெல்ட் அறுந்தால் பிஸ்டன் நேராக வால்வில் மோதும். என் காரின் என்ஜின் அந்த ரகமா என்று சோதித்துப் பார்க்க எனக்கு ஆசையில்லை. பெல்ட்டோடு டென்ஷனரும் வாட்டர் பம்ப்பும் போயின. பம்ப் பேரிங்கைக் கையால் சுற்றினால் மணல் அரைபடுவது போல இருந்தது.

பெட்ரோல் விஷயத்துக்குத் தனியாக ஒரு வாரம் போனது. டாங்க்கின் அடி நட்டைத் திறந்து வடித்தபோது வந்தது பெட்ரோல் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அடர்ந்த செம்பழுப்பு நிறம், பழைய வார்னிஷ் வாடை. பெட்ரோலில் எளிதில் ஆவியாகும் பகுதிதான் குளிர்ந்த என்ஜினைப் பற்றவைப்பது. அது முதலில் பறந்துவிடும். மிச்சம் காற்றோடு சேர்ந்து பிசினாகும். எத்தனால் கலந்த பெட்ரோலாக இருந்தால் இன்னொரு தொல்லை: எத்தனால் ஈரத்தை இழுக்கும்; ஓர் அளவைத் தாண்டியதும் நீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து அடியில் தங்கும். பம்ப் முதலில் உறிஞ்சுவது அந்த அடியைத்தான். வடித்ததில் ஒரு கண்ணாடிக் குப்பி நிறையப் பிடித்து வெளிச்சத்தில் வைத்தேன். அடியில் கண்ணீர்த் துளி போலத் தண்ணீர் உருண்டது. மற்றதை மண்ணில் கொட்டாமல், கழிவு எண்ணெய் வாங்குகிறவர்களிடம் கொடுத்தேன்.

காலியான டாங்க் நிரம்பிய டாங்க்கைவிட ஆபத்து. உள்ளே ஆவி நிறைந்திருக்கும். பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டு, தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க, திறந்த வெளியில்தான் இதைச் செய்தேன். உள்சுவர் முழுக்க ஆரஞ்சுத் துரு. நன்றாகக் கழுவி ஆவி போக்கி, வெந்நீரில் சிட்ரிக் அமிலம் கரைத்து நிரப்பி இரண்டு நாள் விட்டேன். பிறகு சோடா உப்புக் கரைசலால் அமிலத்தை முறித்து, அலசி, உடனே காற்றடித்து உலர்த்தினேன். இந்த ‘உடனே’ முக்கியம். துரு நீங்கிய பச்சை இரும்பு ஒரு மணி நேரத்தில் மறுபடி துருப்பிடிக்கும்.

பெட்ரோலைக் காற்றோடு கலந்து தரும் கார்புரேட்டரைப் பிரித்தபோது, பெட்ரோல் தேங்கும் ஃப்ளோட் கிண்ணத்தின் அடியில் பழுப்பு மெழுகு போல ஒரு படலம். ஃப்ளோட்டின் நீடில் வால்வு அதில் ஒட்டி நின்றிருந்தது. பெட்ரோல் அளவாகப் பாயும் மெயின் ஜெட்டை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தேன். ஒரு மில்லிமீட்டரை ஒட்டிய துளை. அதன் வழியாக வெளிச்சப் புள்ளி தெரிய வேண்டும். இருட்டாக இருந்தது. பொறுமையற்ற மெக்கானிக்குகள் இங்கே கம்பியை விட்டுக் குத்துவார்கள். பித்தளை மென்மையானது, ஒரு கீறல் போதும், துளை பெரிதாகி அன்று முதல் கார் கூடுதலாகப் பெட்ரோல் குடிக்கும். கிளீனரில் ஓர் இரவு ஊறவைத்து, நைலான் இழை ஒன்றை நுழைத்து எடுத்து, காற்றடித்தேன். மறுபடி வெளிச்சத்துக்குப் பிடித்தால் ஊசிமுனை அளவில் வட்டமான ஒரு ஒளி. இந்த மூன்று வாரத்தில் எனக்கு மிகவும் பிடித்த கணம் எது என்றால் இதைத்தான் சொல்வேன். பெட்ரோல் பம்ப்பின் டயஃப்ரம் என்ற சவ்வு காய்ந்த இலை போல நொறுங்கியது, புதிது போட்டேன். அது கிழிந்திருந்தால் பெட்ரோல் நேராக என்ஜின் ஆயிலில் இறங்கும் என்பதால் இதில் ஒட்டுப் போடும் வேலையே கூடாது.

இக்னிஷன் அரை மணி நேர வேலை. பொறிக்கான மின்சாரத்தை விட்டு விட்டுத் துண்டிக்கும் பாயின்ட்டின் முகங்களில் சாம்பல் படலம். மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, 0.4 மில்லிமீட்டர் இடைவெளி வைத்ததும் பொறி நீலமாகப் பாய்ந்தது.

ஆயிலும் ஃபில்டரும் மாற்றிவிட்டு, பிளக்குகளை மாட்டாமலேயே, காயில் இணைப்பைக் கழற்றி, செல்ஃபை மட்டும் அடித்தேன். கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் காற்று அழுந்தும் அழுத்தம், இல்லாததால் பேரிங்குகளுக்குப் பாரமில்லை. பம்ப் ஆயிலை மேலே ஏற்றும் வரை இப்படிச் சுற்றவிடுவது நல்லது. பத்து விநாடி அடி, ஒரு நிமிடம் ஓய்வு. நான்காம் முறை ஆயில் விளக்கு அணைந்தது. சிலிண்டரில் ஊற்றியிருந்த எண்ணெய் பிளக் துளை வழியாகப் பீறிட்டு என் சட்டையில் கோலம் போட்டதும் அப்போதுதான். துளைகள்மேல் துணி போட்டு மூட வேண்டும் என்று தெரியும், மறந்துபோனேன். பிளக்குகளை மாட்டிவிட்டு அடித்திருந்தால் அந்த எண்ணெய் வெளியேற வழியில்லாமல், பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடை வளைத்திருக்கலாம்.

மீட்டர் வைத்துக் கம்ப்ரஷன் பார்த்தேன். மற்ற மூன்று சிலிண்டர்களில் பத்து பாரை ஒட்டி, மூன்றாவதில் ஆறு பார். ஓடினால் ஏறும் என்று நம்பி விட்டுவிட்டேன். பிறகு ஒன்பது வரை ஏறவும் செய்தது.

முதல் ஸ்டார்ட்டுக்கு டாங்க்கை நம்பாமல், சிறு குப்பியில் புதுப் பெட்ரோல் ஊற்றி, என்ஜினுக்குத் தள்ளிப் பக்கவாட்டில் கட்டித் தொங்கவிட்டு, ஹோஸை நேராகக் கார்புரேட்டருக்குக் கொடுத்தேன். கொட்டகைக் கதவுகள் இரண்டையும் திறந்து வைத்தேன். புகையோடு வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாடை கிடையாது. மூடிய இடத்தில் ஆளைச் சத்தமில்லாமல் சாய்த்துவிடும்.

மாமா சொன்ன அந்த ஒரு திருப்புக்காகச் சாவியைப் போட்டேன். சோக்கை இழுத்து அடித்தேன். ஒன்றுமில்லை. மறுபடி. ஒரு இருமல். மூன்றாம் முறை இரண்டு சிலிண்டர்கள் பிடித்து, மூன்றாவது சேர்ந்து, சைலன்சரிலிருந்து வெண்ணீலப் புகை கொட்டகையை நிறைக்க, நான்காவதும் வந்து சேர்ந்தது. மாமா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். “சொன்னேன் இல்லையா, நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது என்று!” எக்சாஸ்ட் மேல் மிச்சமிருந்த கூட்டுப் பஞ்சு கருகி வேறு நாறியது. நாற்பது விநாடியில் அணைத்தேன், ரேடியேட்டர் ஹோஸ் ஒன்று சொட்டியதால். ஹோஸ்களை மாற்றி, உள்ளே இருந்த செம்மண் குழம்பை அலசி, கூலன்ட் ஊற்றினேன். தெர்மோஸ்டாட்டை வெந்நீரில் போட்டுப் பார்த்தால் 82 டிகிரியில் திறக்க வேண்டியது கொதிக்கும் வரை திறக்கவேயில்லை. அதையும் மாற்றினேன்.

இதுவரை படித்தவர்களுக்கு நான் நிதானமான ஆள் என்று தோன்றியிருக்கும். என்ஜினுக்கு மூன்று வாரம் கொடுத்தேன். பிரேக்குக்கு ஒரு சனிக்கிழமை மாலை கொடுத்தேன்.

மாமா ஏழு ஆண்டுக்கு முன் ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டுப் போயிருந்தார். எல்லோரும் செய்வதுதான். லிவரை இறக்கியபோது கேபிள் அசையவில்லை. பின் பிரேக் ஷூக்கள் டிரம்மோடு ஒட்டியிருந்தன. டிரம்மைச் சுற்றிச் சுத்தியலால் தட்டித் தட்டித்தான் கழற்றினேன். வீல் சிலிண்டர்களில் ரப்பர் குல்லாவை விலக்கினால் ஈரம். இரண்டையும் மாற்றினேன். முன் காலிப்பர்களைப் பிரித்துப் பிஸ்டனைச் சுத்தம் செய்து புது சீல் போட்டேன். உள்ளே வீங்கி அடைத்துக்கொள்ளும் என்பதால் ரப்பர் ஹோஸ்களும் புதிது. பழைய பிரேக் ஆயில் காப்பித்தூள் நிறத்தில் இருந்தது. அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் ரகம். டாட் 4 ஆயிலின் கொதிநிலை புதிதில் குறைந்தது 230 டிகிரி இருக்க வேண்டும். ஈரம் ஏறினால் 155 வரை இறங்கலாம் என்பது தரக்கணக்கு. ஏழு ஆண்டுக்குப் பிறகு என்ன இருந்திருக்கும் என்று நான் அளக்கவில்லை.

பெடலை மிதிக்கும்போது பிரேக் ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் மட்டும் வெளியே ஒழுகவில்லை. அதனால் அதைத் தொடவில்லை.

பிரேக் குழாய்களில் சிக்கிய காற்றை எடுக்க மாமாவை உள்ளே உட்காரவைத்தேன். “அழுத்துங்கள் மாமா. பிடித்துக்கொள்ளுங்கள். ம்… விடுங்கள்.” ஒவ்வொரு முறையும் காற்று வெளியேறும் நிப்பிளைத் திறக்கும்போது பெடல் தரைவரை போனது. அங்கேதான் காரியம் கெட்டது. ஓடும் காரில் மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டன் முதல் சில மில்லிமீட்டர்கள்தான் நகரும். அந்தத் தூரம் வழவழப்பாக இருக்கும். அதற்கு அப்பால் உள்ள பகுதியில் பல ஆண்டு ஈரமும் துருவும் படிந்து சொரசொரப்பாகியிருக்கும். பெடலைத் தரைவரை அழுத்தியபோது கட்டையாகிப்போன ரப்பர் சீல்கள் அந்தச் சொரசொரப்பின்மேல் ஏறி இறங்கின. வெளியே ஒரு சொட்டு ஒழுகவில்லை. வேலை முடிந்ததும் படக்கென்று ஒரு மிதி மிதித்துப் பார்த்தேன். பெடல் கல் போல நின்றது. திருப்தியாக வீட்டுக்குள் போய்விட்டேன்.

மறுநாள் காரைச் சக்கரத்தில் இறக்கினோம். கிளட்ச்சை மிதித்து கியர் போட்டால் கரகரவென்று கடித்தது. கிளட்ச் பிளேட் ஃப்ளைவீலோடு துருவால் ஒட்டிக்கொண்டிருந்தது. பெடலை மிதித்தாலும் பிரியவில்லை. இதற்கு மெக்கானிக்குகள் சொல்லும் வழி ஒன்று உண்டு. என்ஜினை நன்றாகச் சூடாக்கி அணைத்துவிட்டு, இரண்டாம் கியரில் போட்டு, அப்படியே செல்ஃப் அடித்துக் கிளப்ப வேண்டும். கார் உடனே நகரும். கிளட்ச்சை மிதித்தபடியே ஆக்சிலேட்டரை அழுத்தி விட்டு, அழுத்தி விட்டு உலுக்கினால் பிளேட் பிய்த்துக்கொள்ளும். கொட்டகைக்கு வெளியே ஆளில்லாத நீண்ட காலி இடம் இருந்தது. கடைசியில் ஒரு மணல் குவியல்.

கார் துள்ளிக்கொண்டு கிளம்பியது. உலுக்கினேன். பிரியவில்லை. மணலுக்குப் பாதித் தூரம் வந்துவிட்டேன். பிரேக்கில் கால் வைத்தேன். முதலில் பிடித்தது. பிறகு கால் மெதுவாக, யாரோ அடியிலிருந்து இழுப்பது போலக் கீழே இறங்கியது. தரையைத் தொட்டது.

கிளட்ச் பிரியாத கார், பிரேக் இல்லாத கார், இரண்டும் ஒரே காராக இருந்தால் மிஞ்சுவது சாவி ஒன்றுதான். அந்த அறிவு வர எனக்கு இரண்டு விநாடி ஆனது. அணைத்தேன், ஹேண்ட்பிரேக்கை இழுத்தேன். கியரில் இருந்த என்ஜினே இழுத்துப் பிடித்து, கார் மணலில் மூக்கை நுழைத்து நின்றது. பம்பரில் ஒரு நெளிவு, அவ்வளவுதான். அந்த அதிர்வில் கிளட்ச் பிளேட் பிய்த்துக்கொண்டது என்பதை அன்று மாலைதான் கண்டேன். அதைச் சாதனைக் கணக்கில் எழுத எனக்கு மனம் வரவில்லை. மாமா ஓடி வந்தார். காரைப் பார்க்கவில்லை. “அடிபட்டதா?” என்று மட்டும் கேட்டார்.

மாஸ்டர் சிலிண்டரைப் பிரித்துப் பார்த்தேன். முன்பக்கம், பின்பக்கம் என்று இரண்டு சுற்றுக்கும் உரிய சீல்கள் இரண்டின் விளிம்பும் பிளேடால் கீறியது போலக் கிழிந்திருந்தன. முழு சிலிண்டரையும் புதிதாகப் போட்டேன். காற்று எடுக்கும்போது பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டையை வைத்துக்கொண்டேன், தரைவரை போகாமலிருக்க. சோதனையும் இப்போது வேறு: என்ஜின் ஓட, பெடலை அழுத்தி ஒரு முழு நிமிடம் பிடித்திருக்க வேண்டும். இம்மியும் இறங்கக்கூடாது. படக்கென்று மிதித்துப் பார்ப்பது சோதனையே இல்லை. இன்னொரு காரை எழுப்பும் வாய்ப்பு வந்தால் போனட்டைத் திறப்பதற்கு முன் நான்கு சக்கரங்களையும் கழற்றுவேன். ஏர் ஃபில்டரில் இருக்கும் எலி எனக்காகக் காத்திருக்கட்டும்.

டயர்களைப் பற்றி மாமாவோடு ஒரு சின்னத் தகராறு. “டயர்க் கட்டை தேயாமல் அப்படியே இருக்கிறதே, எதற்கு மாற்ற வேண்டும்?” என்றார். பக்கச் சுவரில் நீள்வட்டத்துக்குள் இருந்த நான்கு இலக்க எண்ணைக் காட்டினேன்: 3112. 2012ஆம் ஆண்டின் 31ஆம் வாரத்தில் செய்த டயர். சுவரை விரலால் அழுத்தியதும் மெல்லிய வெடிப்புகள் வாய் திறந்தன. பிறகு அவர் பேசவில்லை. ஸ்டெப்னி இன்னும் பழையது, ஒரு முறைகூட ரோட்டைப் பார்க்காதது, அதையும் மாற்றவைத்தேன்.

இப்போது முந்நூறு கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. ஆயிலை இரண்டாம் முறை மாற்றியபோது அடியில் கொஞ்சம் துருத்தூள் வந்தது. ஆயிரம் கிலோமீட்டரில் இன்னொரு முறை மாற்றுவேன். பின் ஷூ ஒன்று லேசாகக் கீச்சிடுகிறது. போன ஞாயிற்றுக்கிழமை மாமாவே ஓட்டினார். நான் பக்கத்தில் உட்கார்ந்து, கை சாவிக்குப் பக்கத்திலேயே இருக்கும்படி பார்த்துக்கொண்டேன். புழுக்கமாக இருக்கிறது என்று அவர் புளோயரைப் போட்டார். துவாரத்திலிருந்து ஒரு பிடி பஞ்சும் கடித்த காகிதமும் அவர் சட்டைமேல் கொட்டின. புளோயரை எடுக்க டாஷ்போர்டு முழுவதையும் பிரிக்க வேண்டும். அதை எப்படிப் பிரிப்பது என்று கையேட்டில்தான் இருந்தது.